சுவர்க்கோழியின் வலது கால்

கால் கழன்று விழுந்தபோது நல்லையா அதைத் தொடக்கூட இல்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வான். கண்ணாடி மூடியைத் துடைக்கத் தூக்கினான். உள்ளே ஊசியில் குத்தியிருந்த சுவர்க்கோழியின் வலது பின்னங்கால், வேலை முடிந்த கூலியாள் மாதிரித் தக்கைமேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

"இருபது வருசம் கப்பல் துறையில அரிசி மூட்டை தூக்கினவன் நான்" என்று அவன் அந்தப் பூச்சியிடமே நியாயம் கேட்டான். "ஒரு மூட்டை கீழ விட்டதில்ல. உன் காலைப் போயா ஒடிப்பேன்?"

அவன் எஜமான் புரூனேல் துரை பிரெஞ்சுக்காரர். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி இரண்டையும் தவிர இருபது வருஷமாக வேறெதையும் படிக்காதவர். சைகோன், ஜாவா என்று ஊர் ஊராகப் போய்ப் பிடித்து, ஊசியில் குத்தி, பேர் வைத்து, புத்தகம் போட்டவர். இருபது வருஷம் மூட்டை தூக்கியவனுக்கு முதுகு வளைந்தது. இருபது வருஷம் சுவர்க்கோழி பிடித்தவருக்கு மெடல் கிடைத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தப் பெட்டியில் இருந்தது மட்டும் உலகத்திலேயே ஒன்றுதானாம். பர்மாவில் பெகு மலைக்காட்டில் துரையே பிடித்தது. பாரிஸ் காட்சிசாலையில் தலைமைப் பதவி கிடைப்பது இதை நம்பித்தான் என்று சமையல்காரர் ஞானமுத்து சொல்லியிருந்தார். ஞானமுத்து புதுச்சேரி வேதக்காரர். துரை பாஷை தெரிந்தவர். இந்தத் தாமுவே பேட்டைப் பங்களாவில் துரைக்குக் கையும் வாயும் அவர்தான்.

கொஞ்ச நாளாகத் துரை அந்தப் பெட்டியை யாரையும் நெருங்க விடுவதில்லை. ஆனால் மத்தியானம் மாவ்பி நெல் பண்ணையிலிருந்து ஒரு இங்கிலீஷ் துரை இதைப் பார்க்க வருகிறார். "மேசையைத் துடைச்சு வைய்யா" என்று ஞானமுத்து காலையில் சொன்னார். அதனால் வந்த வினை.

வேலை போனால் மறுபடியும் துறைதான். கருப்பையா மேஸ்திரியின் கும்பல்தான். இனி ஒரு மூட்டைகூட ஆகாது என்று முதுகு எப்போதோ சொல்லிவிட்டது.

துரை ஏரிக்கரையில் வலையோடு திரிந்துகொண்டிருந்தார். நல்லையா அடுக்களையில் ஒரு பருக்கைச் சோற்றைக் கிள்ளினான். நசுக்கிப் பசையாக்கிக் காலை ஒட்டினான். ஈரம் காயட்டும் என்று பெட்டியை ஜன்னல் வெயிலில் திறந்து வைத்தான்.

மேசையாக இருந்தால் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். ஜன்னலுக்கு ஏது கிண்ணம்? திரும்பி வந்தபோது எறும்புகள் சோற்றைத் தின்று, காலையும் தூக்கிக்கொண்டு சுவரில் பாதி தூரம் போயிருந்தன. மேஸ்திரி இல்லை, கூச்சல் இல்லை, அவ்வளவு ஒழுங்கான தூக்கு. அவன் கையை நீட்டுவதற்குள் கால் பொந்துக்குள் போய்விட்டது.

"திருட்டுப் பசங்களா, ஒண்டிக்காலை வச்சு என்னடா பண்ணுவீங்க" என்று சுவரை ஒரு குத்து விட்டான். வலித்தது அவன் கைக்குத்தான்.

பெட்டியை மூடி மேசையில் வைத்துவிட்டு, மிங்கலா தாங்ஞுன்ட் சந்தைக்கு ஓடினான். அங்கே மா மியா என்கிற பர்மாக்காரி கூடை நிறையச் சுவர்க்கோழி வறுத்து விற்பாள். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள்.

"எத்தனை வேணும்?"

"ஒரு கால் வேணும். வறுக்காத கால். வலது கால்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கால் தொண்டையில குத்தும். நாங்க பிச்சு எறியறது. அந்தா குப்பை."

நல்லையா குப்பையருகே குந்தி, ஒவ்வொரு காலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சந்தையே வேடிக்கை பார்த்தது. மா மியாவுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு கைப்பிடி வறுவலை இலையில் வைத்து நீட்டினாள்.

"பசின்னா கேக்கணும். வெக்கம் எதுக்கு? உங்க ஆளுங்க எல்லாம் ஏன் காலையே கேக்கறீங்க? உடம்பு நல்லா இருக்கும். தின்னு."

"பசி இல்லம்மா."

"பொய் சொல்லாதே. முதுகு பாரு, எப்படி வளைஞ்சு போச்சு."

அவமானத்தை விழுங்கிக்கொண்டு, பொறுக்கிய காலையும் அதே இலையில் மடித்து எடுத்து வந்தான். இந்தத் தடவை வேப்பம் பிசின். கால் கச்சிதமாக நின்றது. ஆனால் இலையில் வறுவலோடு கிடந்த கால், கடலை எண்ணெயில் குளித்துப் பளபளத்தது. துடைக்கப் போனபோது வாசலில் மோட்டார் வந்து நின்றது.

இங்கிலீஷ் துரை பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நல்லையா மூலையில் சாமரம் வீசிக்கொண்டு நின்றான். இரண்டு துரைகளும் பிரெஞ்சில் பேச, ஞானமுத்து பழத் தட்டை ஏந்திக்கொண்டு நல்லையா காதில் போட்டார்.

"வலது கால் வேற மாதிரி இருக்கேன்னு கேக்கறார்."

நல்லையா கையில் சாமரம் நின்றது. புரூனேல் துரையின் முகம் சிவந்தது. சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். பிறகு மளமளவென்று ஏதோ சொன்னார்.

"அதுதான் இந்த ஜாதியோட அதிசயமாம். ரெண்டு காலும் ஒண்ணா இருக்காதாம்."

இங்கிலீஷ் துரை மூக்கை உறிஞ்சினார். மறுபடி ஏதோ கேட்டார்.

"எண்ணெய் வாசனை வருதேங்கறார்."

துரை ஒரு நொடி திகைத்தார். அப்புறம் முன்னைவிட வேகமாகப் பேசினார்.

"தாவறதுக்கு வசதியா அந்தக் கால்ல தானே எண்ணெய் ஊறுமாம். புத்தகத்துல எழுதப் போறாராம்."

"ஜோடி இருந்தால் காட்டுங்கள், நம்புகிறேன்" என்றாராம் இங்கிலீஷ் துரை. அதற்குப் புரூனேல் துரை சாவகாசமாகத் திரும்பி, மூலையில் நின்ற நல்லையாவைக் காட்டினார். இதைப் பிடித்தவன் இவன்தான், ஒரு மாதத்தில் இன்னொன்று பிடித்து வருவான், வராவிட்டால் வேலையிலிருந்து நீக்கிவிடுவேன் என்றார்.

மோட்டார் போனதும் நல்லையா அடுக்களைக்குள் புகுந்து சாமரத்தை வீசி எறிந்தான்.

"அண்ணே, இது அடுக்குமா? பெகு மலை எந்தத் திக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் பிடிச்சேனாம். எண்ணெய் ஊறுதாம். அது சந்தைக் குப்பைண்ணே. மா மியா பிச்சு எறிஞ்ச கால். காலையில மூடியைத் தூக்கினேன், பழைய கால் தானா விழுந்துச்சு. நான் தொடவே இல்ல. பசை போட்டேன், எறும்பு தூக்கிட்டுப் போச்சு. ஓடிப்போய்ப் பொறுக்கியாந்து ஒட்டினேன். இருபது வருசம் படிச்ச மனுசனுக்குக் குப்பைக் கால் எது, சொந்தக் கால் எதுன்னு தெரியல. அதுக்கு மெடலு. எனக்கு மூட்டை. இப்பவே போய் அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத் துறைக்கே போறேன்."

ஞானமுத்து எழுந்து கதவைச் சாத்தினார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

"மெதுவாப் பேசுய்யா. நீ தொடாமலே விழுந்துச்சுன்னியே, அந்தக் காலை ஒட்டி வச்சதே துரைதான். போன வெள்ளிக்கிழமை அதே மா மியாகிட்டப் பொறுக்கியாந்து குடுத்தவன் நான்."