அப்பாவின் மேட்டடியில் புதைத்த படச்சுருள்

புதைத்த இடத்தில் படச்சுருளைக் காணோம்.

மான்சொப் மூன்று குழி தோண்டிப் பார்த்துவிட்டான். நாலாவது குழியில் ஒரு மண்புழு தலையைத் தூக்கி, 'இன்னும் போகலையா நீ?' என்பதுபோல் பார்த்தது.

சுருள் கிடைக்காவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் சனிக்கிழமை ஊர் மன்றத்தில் காட்சி இல்லை. காட்சி இல்லாவிட்டால் அக்கா வரமாட்டாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மல்சுன் அக்கா, "சரி, வந்து தொலைக்கிறேன்" என்றிருந்தாள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று மான்சொப் வெளிநாட்டில் ஒரு காலிமனையைப் பதினாறு மணி நேரம் அசையாமல் படம்பிடித்துக்கொண்டிருந்தான். 'நிலத்தின் மௌனம்' என்று அதற்குப் பெயர் வைத்தான். மொத்தம் பதினொரு பேர் பார்த்தார்கள். நாலு பேர் தூங்கினார்கள். ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர். அக்கா அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். அப்போது ஒரே ஒரு செய்தி மட்டும் போனில் வந்தது: 'பின்மலை, கஷ்கொட்டை மரத்தடி, தெற்கு பார்த்த மேடு. புல்லையாவது வெட்டு.'

கல்லறைக் கல் நட வசதியில்லாத வெறும் மண்மேடு. மேற்கொண்டு யாரிடமும் விசாரிக்க அவனுக்கு வெட்கம். பெற்ற அப்பன் எங்கே படுத்திருக்கிறார் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஆனால் ஒரு வருஷம் தவறியதில்லை. அறுவடைத் திருநாளுக்கு முன்னால் வந்து, மேட்டை மொட்டைத் தலைபோல் வழித்துவிட்டு, அரிசிக் கள் ஊற்றி, இரண்டு முறை விழுந்து கும்பிடுவான். மூட்டுவலியால் மலையேற முடியாத அக்கா, போனில் 'வெட்டியாச்சா?' என்று கேட்பாள். 'வெட்டியாச்சு' என்பான். உடன்பிறப்புகளின் பேச்சு அவ்வளவுதான்.

இந்த வருஷம் மன்னிப்பையே படமாக எடுத்தான். மேட்டைப் படம்பிடித்து, சுருளை அதே மண்ணில் மூன்று மாதம் புதைப்பது. மண் தின்றது போக மிச்சம்தான் படம். நிலம் மனிதனுக்குச் சொந்தமா, மனிதன் நிலத்துக்குச் சொந்தமா என்பதை நிலமே சொல்லிவிடட்டுமே!

"என்ன தம்பி, நிலக்கரி ஏதாவது கிடைச்சுதா?"

மலையடி முதல் வீட்டுக் கிழவர், குவாக் ஐயா. அவன் புல் வெட்ட வரும்போதெல்லாம் கள் பாட்டிலோடு வந்து நிழலில் உட்கார்ந்துகொள்வார்.

"படச்சுருள் டப்பாவைக் காணோம்யா. காட்டுப்பன்னி இழுத்துட்டுப் போயிருக்குமோ?"

"பன்னி உன் படத்தையெல்லாம் பார்க்குமா என்ன? மேட்டுல கை வைக்காதே, ஓரமா தோண்டு. அப்படியே அந்த வேரையும் பிடுங்கிடு. போன வருஷமே சொன்னேன்."

தோண்டிய மண்ணைப் பக்கத்து மேட்டில் கொட்டினான். அது முள்ளும் கொடியும் மண்டி, கரடி ஒன்று குப்புறப் படுத்ததுபோல் கிடந்தது. வெட்டிய புல்லையும் வருஷா வருஷம் அங்கேதான் எறிவான். உட்கார்ந்து மதியச் சோறு தின்பதும் அதன் தலையில்தான்.

"எந்தத் தறுதலையைப் பெத்த மனுஷனோ, பாவம். ஏழு வருஷமா ஒரு நாய் எட்டிப் பார்க்கலை."

குவாக் ஐயாவுக்குக் கள் புரையேறியது. "ஆளாளுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும், விடு தம்பி" என்றார். பிறகு எழுந்துபோய், மொட்டை மேட்டுக்கு முன்னால் நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டார். மான்சொப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாமேல் எவ்வளவு பாசம்!

பதினேழாவது குழியில் டப்பா கிடைத்தது. உள்ளே மழைத்தண்ணீர் புகுந்து, சுருள் பழைய கிம்ச்சி ஊறுகாய்போல் கொழகொழத்தது. அரைமணி நேரப் படத்தில் தேறியது நாலு நிமிஷம். ஓடையில் அலசினான். ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. வெயிலில் காயப்போட்டான். ஐம்பது விநாடி.

ஐம்பது விநாடிக்காக அக்காவை ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வரச்சொல்வதா? அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

"ஐயா, இந்தக் கரடி மேட்டையும் எடுத்துச் சேர்த்துடறேன். ஒரு பக்கம் பிள்ளை கவனிக்கிற மண்ணு, இன்னொரு பக்கம் அனாதை மண்ணு!"

"அதை எதுக்கு தம்பி... வேணாமே."

"ஏன்யா?"

"இடுப்பு வலிக்குது, நான் வரேன்" என்று கிழவர் இறங்கிவிட்டார். கள் பாட்டிலை மறந்துவிட்டுப் போனது அவர் ஆயுளில் அதுவே முதல் முறை.

சனிக்கிழமை ஊரே வந்தது. அரிசிப் பணியாரம் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். சூடேற்றிய தரையில், முன்வரிசையில், மடியில் பையோடு அக்கா.

திரையில் பச்சை, பழுப்பு, ஒரு கொப்புளம், மறுபடி பச்சை.

"மெஷின் ரிப்பேரா?"

"சும்மா இருடி. அது மான்சொப்போட அப்பாவாம்."

"இருந்தப்பவிட நல்லா பச்சைப்பசேல்னு இருக்காரே!"

அடுத்து முள் மண்டிய மேடு, பன்னிரண்டு நிமிஷம். பின்னணியில் மான்சொப்பின் குரல் தழுதழுத்தது: "பிள்ளை இருந்தும் அனாதையான மண் இது. இவனெல்லாம் ஒரு மகனா?"

அக்காவின் தோள்கள் குலுங்கின. விளக்குப் போட்டதும் மான்சொப் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"மன்னிச்சிட்டியா அக்கா?"

அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வெறும் திரையையே காட்டினாள்.

பின்வரிசையில் குவாக் ஐயா மெதுவாக எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இடுப்பு வலிக்குப் பயந்து ஏழு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன், தம்பி. நீ வெட்டினது எங்க அம்மா மேட்டை. உங்க அப்பா, நீ உட்கார்ந்து சோறு தின்னியே, அதுக்குக் கீழேதான் இருக்காரு."