இரண்டு யூனிட் மெட்டல்

"ஏம்மா, நம்ம பக்கத்துல மொத்தம் எத்தனை வகை இசை இருக்குது?" என்று குருமூர்த்தி சார் ஒருமுறை என்னைக் கேட்டார். அரியலூரில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் அவருடைய அழைப்பிதழை டைப் செய்துகொண்டிருந்தேன். பெரியவர்கள் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் வராது. தலையைக் குனிந்துகொண்டேன். "பாத்தீங்களா, யோசிக்கிறா! நம்ம கமிட்டியில அதுக்குத்தான் ஆளு இல்ல" என்று கடை முதலாளியிடம் சொல்லி, நின்ற இடத்திலேயே என்னை விழாவின் 'ஒருங்கிணைப்பு உதவியாளர்' ஆக்கிவிட்டார்.

உலகத்தில் இசை தோன்றிய நாளிலிருந்து அதற்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன். கர்நாடக சங்கீதம், லைட் மியூசிக், பஜனை, பேண்டு, கீபோர்டு, தப்பாட்டம் என்று பதினோரு வகையும் ஒரே மேடையில், ஒரே நாளில், ஒரே மைக்கில். (மைக் ஒன்றுதான் இருந்தது.) விழாவின் பெயர் 'பல்லிசைப் பெருவிழா'. பிளெக்ஸ் போட்டவர் இடம் போதாமல் முதல் வரியில் 'பல்லி' என்றும் இரண்டாம் வரியில் 'சைப் பெருவிழா' என்றும் பிரித்துவிட்டார். பல்லி பார்க்கவே கணிசமான கூட்டம் வந்தது.

தலைவர் குருமூர்த்தி சாருக்கு இசையோடு முப்பது வருடத் தொடர்பு உண்டு. கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். பொருளாளர் சாமிதுரை அண்ணன் ரோடு காண்ட்ராக்டர். இவர்கள் கூடிய ஆலோசனைக் கூட்டத்துக்கு நான்தான் குறிப்பு எழுதினேன். முதல் தீர்மானமான போண்டா ஒருமனதாக நிறைவேறியது. இரண்டாவது தீர்மானத்தின்போது சென்னையிலிருந்து தலைவரின் மகன் அசோக் போன் செய்தார். சார் கேட்டுக் கேட்டுக் காகிதத்தில் எழுதினார்.

"பெரிய ஊருல எல்லாம் இது இல்லாம பெஸ்டிவலே கெடையாதாம்" என்று போனை வைத்தவர், காகிதத்தை எடுத்துச் சபைக்கு வாசித்தார். மகன் சொன்னது 'ப்ளூஸ், மெட்டல்' என்ற இரண்டு மேல்நாட்டு இசை வகைகள்; எழுதும்போது ஓர் எழுத்தும் ஒரு காற்புள்ளியும் தொலைந்திருந்தன. "ப்ளூ மெட்டல்."

சாமிதுரை அண்ணனின் முகம் மலர்ந்தது. "அட, இதுக்கா சென்னைக்குப் போன் போட்டீங்க? பெரம்பலூர் ரோட்டுல நம்ம சிங்காரவேலு இருக்காருல்ல, ஒரு வார்த்தை சொன்னா வந்துடும்."

"நம்ம பக்கத்துலயே இருக்குதா!"

"நம்ம பக்கமே அதுலதாங்க ஓடுது. முக்காலா, ஒண்ணரையா?"

"ஒண்ணரை மணி நேரம் யாரு கேப்பா? முக்காலே சொல்லுங்க."

"எத்தனை யூனிட்டு?"

சார் கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டு யூனிட்டு போதும். மேடை தாங்கணும்ல."

ப்ளூ மெட்டல் என்றால் ரோடு போடுகிற கருங்கல் ஜல்லி; சிங்காரவேலு அதை விற்கிறவர். முக்கால், ஒன்றரை என்பது கல்லின் அங்குல அளவு; யூனிட் என்பது லாரியில் ஏற்றும் கணக்கு. எங்கள் பக்கத்தில் இது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். தலைவர் இசைச் சிந்தனையில் இருந்ததால் நினைவு வரவில்லை. எனக்கு வந்தது. வாய்வரைக்கும்தான் வந்தது.

கலைஞர்களுக்குப் போன் செய்வது என் வேலை. தப்பாட்டத்துக்கு உடையார்பாளையம் பக்கத்து மணிமொழி அக்கா. தப்பு என்றால் பறைதான். எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ஆறு பெண்கள் உள்ள குழு. மற்ற நாளில் எல்லோரும் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர்கள்.

"பாப்பா, ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார் அக்கா. "மேடைக்குக் கூப்புடுறீங்களா, வாசலுக்கா? அஞ்சு வருசமா அத்தன ஊருலயும் கார் வரப்ப வாசல்ல நின்னு அடிச்சிட்டு அப்புடியே திரும்பிட்டோம். பந்தலுக்குள்ள என்னா நடக்குதுன்னே தெரியாது. நாங்களே கட்டுன அடி ஒண்ணு இருக்கு, பன்னெண்டு நிமிசம். அதை மேடையில அடிக்கணும். வாசல்னா இப்பவே சொல்லிடு, வரல."

போனைப் பொத்திக்கொண்டு, பக்கத்திலிருந்த சாரிடம் கேட்டேன். "மேடைதான்னு சொல்லும்மா. அஞ்சு இருவதுக்குப் போட்டுக்க."

"மேடைதாங்க்கா" என்றேன்.

"நீ சொல்றேல்ல, போதும்."

விழா அன்று ஆறு பேரும் ஒரே நிறச் சேலையில் காலை ஒன்பதரைக்கே வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். சார் பார்த்தார். "அஞ்சு இருவதுக்குத்தானம்மா ஒங்களுக்கு. அதுவரைக்கும் கை சும்மாத்தான இருக்குது? ஒரே ஒரு கார் வருது. ரெண்டு தட்டுத் தட்டிட்டு வந்து உக்காந்துக்கங்க."

அந்த ஒரே கார் முதல் சிறப்பு விருந்தினருடையது. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர்கள் பதினான்கு பேர். அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துவிடாதபடி நேரம் விட்டு நேரம் வந்தார்கள். ஒருவர் வந்து இறங்கியபோது வீடியோக்காரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பெருந்தன்மையோடு காரில் ஏறித் திரும்பிப் போய் இன்னொரு தடவை வந்தார். அதற்கும் தப்பு அடிக்கப்பட்டது.

உள்ளே இசை வெள்ளம். ஜெயங்கொண்டத்துப் பாடகி ஆலாபனையை எடுக்கும்போதெல்லாம் வாசலில் கார் வந்ததால், அது தானாகவே 'ஃப்யூஷன்' ஆனது. தலைப்பு தன் தொழிலைச் சேர்ந்தது என்று நம்பி வந்த பல் டாக்டர் ஒருவர் கீபோர்டு வாசித்தார். ரெட்டிபாளையம் லைட் மியூசிக் குழு ஐந்து பாட்டுக்கு ஒத்திகை பார்த்து வந்து, இரண்டு பாட்டோடு இறங்கியது; நடுவில் மூன்று விருந்தினர்கள் இசையின் அவசியத்தைப் பற்றிப் பேசினார்கள்.

ஐந்து பதினெட்டு. மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, அக்காவின் குழு படியில் ஏறியது. தொகுப்பாளர் நந்தினி மேடம் அட்டையை எடுத்து "அடுத்ததாக..." என்றார். பந்தலே அதிரும்படி ஒரு ஹாரன். டிப்பர் லாரி ஒன்று பின்பக்கமாகவே மேடைக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"சார், ரெண்டு யூனிட்டு முக்கா. எங்க கொட்டறது?"

குருமூர்த்தி சார் லாரியைப் பார்த்தார். சாமிதுரை அண்ணனைப் பார்த்தார். பிறகு வீடியோ ஓடுவதைப் பார்த்தார். தலைமைப் பண்பு இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளிப்படும். மைக்கை வாங்கினார். "பெரியோர்களே, இளைஞர்களே! நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த மெட்டல்!"

டிப்பரின் தொட்டி எழுந்தது. ஜல்லி இறங்கிய சத்தத்தில் குழாய் விளக்குகள் ஆடின. புகை போல் தூசி. பிறகு பின்வரிசைக் கல்லூரிப் பையன்கள் விசில் அடித்து "ஒன்ஸ் மோர்!" என்றார்கள். டிரைவர் கருப்பண்ணனை மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"எத்தனை வருசமா இந்தத் துறையில இருக்கீங்க?" என்றார் நந்தினி மேடம்.

"பதினெட்டு வருசங்க. மொத மூணு வருசம் லைட்டு. அப்பறமா ஹெவிதான்."

"ஹெவி மெட்டல்!" என்று கூட்டம் எழுந்து நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய லைசென்ஸை யாரும் பார்க்கவில்லை.

கைதட்டல் அடங்க ஐந்து நாற்பது. ஆறு மணி வரைதான் மைக்குக்கு அனுமதி. அக்கா இன்னும் மூன்றாவது படியில் நின்றார். அப்போதுதான் பதினான்காவது கார் வந்தது.

"மணிமொழி, வாசலுக்கு ஓடுங்கம்மா!"

"சார், எங்க நேரமே போயிடுச்சு. இப்ப ஏறுனாத்தான்..."

"மேடை எங்க ஓடிப்போவுது? கார் வந்துடுச்சு பாரு."

"காரும் உள்ளதான சார் வருது, அது எங்க ஓடிப்போவுது?" என்றார் பின்னால் நின்ற ஒரு அக்கா. குழு சிரித்தது. மணிமொழி அக்கா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பட்டியலை மிகக் கவனமாகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் தப்புச் சத்தம் கேட்டது.

பதினான்காம் விருந்தினர், மண்ணின் கலைகளை மேடையேற்ற வேண்டியதன் அவசரத்தைப் பற்றி ஐந்து ஐம்பத்தெட்டு வரை உருக்கமாகப் பேசினார். நாட்டுப்பண். மைக் அணைந்தது.

சார் பூரிப்பில் இருந்தார். பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். எந்தப் பாகுபாடும் இன்றி, எல்லோருக்கும் சம வாய்ப்பு, கிராமியக் கலைக்குத் தனி மரியாதை என்று ஒரு பக்கம் வந்தது.

"கடைசி வரி என்னாம்மா எழுதுன? சத்தமாப் படி."

படித்தேன். "காலை முதல் மாலை வரை மேடையில் ஒரு தப்பும் இல்லை."

"கரெக்ட்டு!" என்றார் சார்.

அந்த அறிக்கையில் பொய் கலக்காத ஒரே வரி அதுதான். நிமிர்ந்தேன். எதிரே, தப்பைத் தோளில் மாட்டியபடி மணிமொழி அக்கா நின்றிருந்தார். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜல்லிக் குவியலைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விட்டார்.