பேப்பர் அண்ணாச்சி போட்ட பிரிண்ட்

இணையத்தை ஓர் எழுத்து விடாமல் படித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். குற்றாலத்தில் நான் மாத வாடகைக்குத் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர். பேப்பர் அண்ணாச்சி என்பார்கள். செல்போனில் பார்த்த எதையும் நம்பமாட்டார். பிரிண்ட் போட்டுத் தாளில் வந்தால்தான் அவருக்கு அது சேதி. வலைப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் முழங்கால் தைல விளம்பரத்தையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாகப் படிப்பார்.

சீசனில் தினமும் காலையில் அருவிச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து வரவேற்பறையில் ஒட்டுவார். ஒருநாள் அதை நம்பி, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனார். எண்ணெய் வழியவே திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, அருவியில வெள்ளம். போலீஸ்காரங்க விரட்டுதாங்க."

"தாள்ல 'குளிக்க அனுமதி'ன்னுல்லா போட்டிருக்கு?"

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"கருப்பா ஒரு பட்டை. குக்கீ சம்மதமான்னு கேக்காவ."

பட்டைக்கு அடியில், அடுத்த வரியில், 'இல்லை' மாட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஏற்கெனவே தாளில் 'சம்மதம்' என்ற பொத்தானைப் பேனாவால் டிக் அடித்திருந்தார். அப்படியும் பட்டை போகவில்லை என்பதுதான் அவர் வருத்தம்.

அன்று மாலை நான் பாடம் எடுத்தேன். முதலில் பட்டையை மூட வேண்டும், பிரிண்ட் ப்ரிவ்யூ பார்க்க வேண்டும், ரீடர் வியூ போட்டால் விளம்பரமெல்லாம் மறைந்துவிடும் என்றேன்.

"மறைஞ்சு போச்சுன்னா, என்னது மறைஞ்சுதுன்னு நமக்கு எப்படித் தம்பி தெரியும்?"



அந்த மாதமே அம்மாவைச் சிறுநீரகக் கோளாறு என்று தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு விவரம் தங்கள் வலைத்தளத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போன் எழுத்து அம்மாவின் கண்ணுக்குப் பிடிபடாது. லிங்க்கை அண்ணாச்சிக்கு அனுப்பி, பிரிண்ட் போட்டு வைக்கச் சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சி நின்றார். சீசனில் டீ குடிக்கக்கூடக் கவுண்டரை விட்டு எழுந்திருக்காதவர், பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"தம்பி, இதுல எல்லாம் சாப்பிடலாம்னே கிடக்கு. அப்படி ஒரு சீக்கு உண்டுமா? வலது பக்கம் என்னமோ அறுந்து போயிருக்கு."

போனைத் திறந்து பார்த்தேன். 'சாப்பிடக் கூடாதவை' என்ற பத்தி முழுவதும் தாளுக்கு வெளியே விழுந்திருந்தது.

"தாளைப் படுக்கவாட்டில போட்டா வந்திருக்கும் அண்ணாச்சி. இந்தா, போன்ல பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நேராக உணவு ஆலோசகர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். ஆலோசகர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இளநீர், வாழைப்பழம், கருவாடு என்று தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். ஊறுகாய் வந்தபோது மட்டும் பேனா நின்றது.

"தொட்டுக்கிட மட்டும்?"

"கூடாதுங்க."

"அவங்க ஊறுகாய் இல்லாம சாப்பிட மாட்டாவளே" என்று, நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, என் அம்மாவுக்காகக் கொஞ்ச நேரம் வாதாடினார். தோற்றபின் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அம்மா தேறியதும் குற்றாலம் பார்க்க வேண்டும் என்றாள். அருவிக்கு முன்னால் லாட்ஜுக்குத்தான் கூட்டிப்போனேன்.