மாவு மூட்டையும் இளைத்தது

மண்டபத்து வாசலில் முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஆயுளை இலவசமாக அளந்து கொடுக்கிறார்களோ என்று தோன்றும். கொடுத்தது மாத்திரை. பெயர் 'தளிர்மேனி'. நடக்க வேண்டாம், வாயைக் கட்ட வேண்டாம். டாக்டர் சீட்டா? அது எதற்கு! விழுங்கிவிட்டுப் படுத்தால், கொழுப்பு தானே வெட்கப்பட்டு வெளியேறிவிடுமாம்.

விற்றவருக்கு 'மெலிவு மன்னர்' என்று பட்டம். கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, நோட்டீஸ் அடித்த அச்சகம். பிறவியிலேயே ஈர்க்குச்சி உடம்பு. "நானும் ஒரு காலத்துல யானை மாதிரி இருந்தவன்தான்!" என்று அவர் முழங்கியபோது, அந்த யானையை நேரில் பார்த்ததுபோலக் கூட்டம் கைதட்டியது.

பலமாகத் தட்டியவர் பேக்கரிக்காரர். பெருத்த உடம்பு. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, நாற்காலி ஒன்று அவரைத் தாங்கமாட்டாமல் காலை விரித்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, யாரோ எவரோ என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் மனிதரை மன்னரின் காலடியில் கொண்டுபோய்த் தள்ளியது.

மன்னரிடம் எடை பார்க்க இரண்டு மெஷின்கள். மருந்து தொடங்கும்போது ஏறுவது வாசலில் இருப்பது. சாப்பிட்டு முடித்தபின் ஏறுவது மேடையில் இருப்பது. மேடை மெஷினில் பேக்கரிக்காரர் ஏறியதும் முள் பழைய எடைக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. ஆரவாரம்! மறுநாளே தெருச் சுவர்களிலெல்லாம் அவர் படம் பல்லைக் காட்டியது.

மனைவிக்கு மட்டும் சந்தேகம். "ஏங்க, இவ்வளவு இளைச்சீங்கன்னா பெல்ட்டு ஏன் அதே ஓட்டையிலயே நிக்குது?"

"தோல் பெல்ட்டுடி. அதுவும் கூடவே சுருங்கியிருக்கும்."

பெல்ட்டுக்கும் சேர்த்து வேலை செய்கிற மருந்து! நம்புவதென்று முடிவு கட்டிவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்?

பேக்கரிக்காரருக்கு நெஞ்சு படபடத்தது. தூக்கம் போனது. கழிவறைக்கும் கடைக்குமாக ஓட்டம். கை நடுங்கி, கேக்கின் மேல் ரோஜாப்பூ போடப்போனால் தேள் வந்து உட்கார்ந்தது. மன்னரிடம் முறையிட்டார்.

"கொழுப்பு உள்ள சண்டை போடுது சார். விடாதீங்க, கூட ஒண்ணு போடுங்க!"

போட்டார். அடுப்பின் முன்னால் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பி, முடிவோடு வந்தார். "பசியை அடக்க ஒரு மருந்து, வயித்தைக் கலக்க ஒண்ணு, உடம்புத் தண்ணியை வடிக்க ஒண்ணு. முதல் மருந்து இதயத்தைக் கெடுக்குதுன்னு தடை பண்ணினது. உங்களுக்குப் போனது தண்ணியும் உப்பும்தான். கொழுப்பு சௌக்கியமா இருக்கு."

"டப்பாவுல இயற்கைன்னு போட்டிருந்துச்சே டாக்டர்!"

"அரளி விதையும் இயற்கைதான்."

வீடு திரும்பியவர் மனைவியிடம், "வெளிய சொன்னா மானம் போயிரும். விட்டுரு" என்றார்.

"சுவத்துல உங்க படத்தைப் பார்த்துட்டு உங்க தங்கச்சியும் ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கா. அவளுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு. உங்க மானம் பெருசா, அவ உசுரு பெருசா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவரோடு மனைவியும் கையில் ஒரு மூட்டையோடு வந்தாள். கடையில் வாங்கி இன்னும் பிரிக்காத பத்துக் கிலோ மாவு. வாசல் மெஷினில் வைத்தாள், பதின்மூன்று காட்டியது. சுற்றி நின்றவர்களைப் பார்க்கச் சொன்னாள். அவர்களையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று மேடையேறி அந்த மெஷினில் வைத்தாள். எட்டு!

"ஐயா, இந்த மாவு உங்க மாத்திரையை மோந்துகூடப் பார்க்கலை. வாசல்லேருந்து இங்க வர்றதுக்குள்ள அஞ்சு கிலோ இளைச்சிருச்சே, எப்படி?"

"சகோதரி... இந்த மண்டபத்துல ஒரு நல்ல அதிர்வு இருக்கு, அது..." மன்னரின் குரல் அவரைவிட மெலிந்துபோனது.

பேக்கரிக்காரர் மைக்கைப் பிடுங்கினார். "சுவத்துல சிரிக்கிறது நான்தான். நான் இளைக்கலை. செத்துப் பிழைச்சேன். என்னைப் பார்த்து வாங்கினவங்க தயவுசெஞ்சு அதைத் தூக்கிப் போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க." முன்வரிசையில் அவர் தங்கை டப்பாவை நாற்காலிக்கு அடியில் நழுவவிட்டாள்.

மன்னர் ஓசைப்படாமல் பின்கதவு வழியே ஒருக்களித்து நழுவினார். அந்த உடம்பால் ஏற்பட்ட ஒரே பயன் அதுதான். ஆனால் அங்கே டாக்டரம்மா சொல்லியனுப்பிய மருந்து ஆய்வாளர், போலீசாரோடு காத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. ஒரு பெண்மணி மட்டும் மேடைக்கு ஓடிவந்து, மனைவியின் காதருகே குனிந்தாள். "அக்கா, அஞ்சு கிலோ குறைஞ்சுதே, அது எந்தக் கம்பெனி மாவு?"

உடம்பில் சேர்ந்த கொழுப்புக்கு நடை உண்டு, பத்தியம் உண்டு, படித்த வைத்தியரும் உண்டு. அறிவின் மேல் படிந்த கொழுப்புக்கு எந்தக் கடையிலும் மாத்திரை கிடையாது. அதை அவரவர் யோசித்துத்தான் கரைத்தாக வேண்டும்.