கிரகம் வாய் திறக்காத மூன்று வாரம்

விண்வெளியிலிருந்து யாராவது வந்து இறங்கினால் அவர்களை முறையாக வரவேற்கத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் புனே கசார்வாடியில், எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கட்டைப் பிரம்மச்சாரி. பக்கத்துப் பட்டறையில் லேத் வேலை. பேர் ஏதோ இருந்தது. நாங்கள் கிரகம் என்றுதான் சொல்வோம்.

பழைய புத்தகக் கடைகளில் வேற்றுக்கிரகக் கதைகளாகத் தேடி வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார். அதில் பாதியை அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். "மூணு கண்ணு, பச்சைத் தோலு, எறங்குனதும் இங்கிலீசு பேசறான். இவன் எப்படிங்க வேத்துக்கிரகம்? எங்க சூப்பர்வைசராட்டந்தான இருக்கறான்?" என்பார். நிஜமாகவே அந்நியமான உயிருக்கும் நமக்கும் எதுவுமே பொதுவாக இருக்காது என்பது அவர் கட்சி. நாம் கும்பிட்டால் அது அங்கே வசவாக இருக்கலாம். பல்லைக் காட்டினால் சண்டைக்கு இழுப்பதாக இருக்கலாம். அதனால் பார்த்தவுடன் எதுவும் செய்யக் கூடாது, பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும்.

இதற்குப் பயிற்சி வேறு எடுத்தார். மாடிப்படிப் பல்லி முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தார். புதிதாகக் குடிவந்த மராத்தி அம்மாள் "நமஸ்கார்" என்றதற்கு, கையைத் தொங்கவிட்டபடி ஐந்து நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம் போய் நான் கையேந்தி நிற்க வேண்டி வந்தது. என் மகள் அபிக்கு மூன்றரை வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகம் பார்க்க மாட்டாள். தரையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுழற்றுவாள், அவ்வளவுதான். வீட்டில் தமிழ், வாசலில் மராத்தி, டிவியில் இந்தி, குழந்தை குழம்பிப் போயிருக்கிறது, ஒரே பாஷையாகப் பேசுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் மனைவி சுதா அன்றைக்கே தடையுத்தரவு போட்டாள். டிவியைப் போர்வை போட்டு மூடினாள். பால்காரர் "தூத்" என்று குரல் கொடுக்கக் கூடாது, மணி மட்டும்தான் அடிக்க வேண்டும். தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டுமே, அதற்கு எங்களை விட்டால் அந்தக் கட்டடத்தில் கிரகம் ஒருவர்தான் ஆள்.

"சார், சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து குழந்தைகிட்ட தமிழ்ல பேசணும்" என்றேன்.

வந்தார். அபிக்கு நான்கடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. மறுநாள் தானும் ஒரு மூடி கொண்டுவந்து சுழற்றினார். அப்போதும் பேச்சில்லை. இப்படியே ஒரு வாரம். எனக்கு ரத்தம் கொதித்தது. "பேசத்தானே சார் கூப்பிட்டோம்?" என்று சுதாவே கேட்டுவிட்டாள்.

"எல்லாக் கதையிலயும் அங்கதானுங்கம்மா கெட்டுப் போகுது" என்றார். "எறங்குனதும் பேச ஆரம்பிச்சுருவான். இப்ப நாமதானுங்க பாப்பா ஊருக்கு வந்து எறங்கியிருக்கறோம். வந்தவங்கதான் பொறுக்கோணும்."

"கடைசி வரைக்கும் இவ பேசாமயே இருந்துட்டா?" என்றாள் சுதா.

நாங்கள் இருவரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத பயம் அது. கிரகம் மூடியைச் சுழற்றினார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அவருடைய மூடி உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அவர் எடுக்கப் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அபி தன் மூடியை நிறுத்தினாள். பிறகு அதை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து நான் தவம் கிடந்த பார்வை.

"என்ன சார் சொல்றா?" என்றேன்.

"தெரியலீங்க" என்றார் கிரகம். கண் நிறைந்திருந்தது. "ஆனா நம்மகிட்டதானுங்க சொல்லுது."

அன்றைக்கு அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. சுதா தோசை வார்த்தாள், நான் பரிமாறினேன். "இன்னொண்ணு போட்டுக்கங்க அண்ணா" என்றேன். சார் என்று கூப்பிட அதற்கப்புறம் எனக்கு வாய் வரவேயில்லை.