நகராட்சியைச் சாய்த்த கிறிஸ்துமஸ் மடல்

மதிப்பிற்குரிய மைத்துனர் போக்டன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் ஸிக்மண்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஏரிக்கரையில் நாங்கள் சுகம். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஹலீனாவின் இடது மணிக்கட்டு மழைக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. டொலீடோவில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமென்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டோம், மச்சான்!

போன கிறிஸ்துமஸ் விருந்தில் வாய் நிறையக் கெண்டை மீனை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மடல்னு நாலு பக்கம் அச்சடிச்சு நூத்திநாப்பது வீட்டுக்கு அனுப்புறீங்களே மாப்பிள்ளை, இந்தக் குடும்பப் புராணத்தை எவன் படிக்கிறான்? தபால்காரன் முதுகு பாவமில்லையா?" இன்றைக்குச் சொல்கிறேன், உங்கள் தங்கையின் மானத்தைக் காப்பாற்றியது அந்தப் புராணம்தான்.

எங்கள் தெருமுனையில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் இருந்த பள்ளம் உங்களுக்குத் தெரியும்; உங்கள் கார்ச் சக்கரத்தின் மூடி அதில்தான் போயிற்று. ஏப்ரலில் பனி உருகித் தண்ணீர் நின்றதில் பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. ஹலீனா பேக்கரியிலிருந்து சைக்கிளில் வருகிறாள், முன்சக்கரம் உள்ளே இறங்குகிறது, ரொட்டி அந்தப் பக்கம் போகிறது, உங்கள் தங்கை இந்தப் பக்கம் போகிறாள். பின்னால் வந்த பால் லாரிக்காரன் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தால் நான் இன்று இந்தக் கடிதத்தையா எழுதிக்கொண்டிருப்பேன்? அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும், சரியான நேரத்தில் பிரேக்கை மிதித்தான்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு நகராட்சிக்கு எழுதினால் ஒரே வரியில் பதில் வந்தது: சைக்கிள் ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம். செலவு கிடக்கட்டும் மச்சான், அந்த வரிதான் அவளைச் சாய்த்துவிட்டது. நாற்பது வருஷமாகச் சர்ச்சுக்கும் லைப்ரரிக்கும் சைக்கிளில் போனவள், சைக்கிளை நிலவறையில் தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்தாள். "நான்தான் பாக்காம போயிட்டேன் போல, ஸிக்கி" என்றாள். விடுவேனா? நேரே நகராட்சி வக்கீல் பிரென்டிஸிடம் போனேன்.

"பள்ளம் இருக்குன்னு விபத்துக்கு முன்னாடியே எழுத்து மூலமா நகரச் செயலாளருக்குத் தெரிவிச்சிருக்கணும் சார். இல்லேன்னா நகரம் பொறுப்பாகாது."

"முப்பத்தோரு தடவை போன் பண்ணினேனே தம்பி!"

"போன் எழுத்து இல்லியே."

"அப்போ எந்தப் பள்ளத்துல விழப்போறோம்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டுத்தான் விழணுமா?"

"ஆமா சார்" என்றான் படுபாவி, சிரிக்காமல்.

வழக்குப் போட்டேன். விசாரணையன்று, அப்படி ஒரு காகிதமும் வரவில்லை என்று சொல்லவைக்க அவனே நகரச் செயலாளரைச் சாட்சியாக அழைத்தான். செயலாளர் யார்? நம் லொரெட்டா! சர்ச் பௌலிங் அணியில் ஹலீனாவோடு பதினெட்டு வருஷம் பந்து உருட்டியவள். போன வருஷம் அவள் வீடு மாறிவிட்டாள். புது விலாசம் தெரியாமல் அவளுக்கான மடலை ஆபீசுக்கு அனுப்பியிருந்தேன். அவள் மேஜைக்கு வருகிற பீட்சா விளம்பரத்துக்குக்கூடத் தேதி முத்திரை விழும், கோப்பில் ஏறும். அது அவள் சுபாவம்.

"ஒண்ணு வந்திருக்கு" என்றாள். முத்திரை விழுந்த முதல் பக்கத்தின் நகலை எடுத்துக் கணீரென்று படித்தாள்: "மூத்தவன் மாரெக் வேலை மாறிவிட்டான். பேத்திக்குப் பல் முளைத்தது. என் சிறுநீரகக் கல் விழுந்தது, பட்டாணி அளவு. தெருமுனைப் பள்ளம் பதினாலு அங்குல அகலம், ஆறு அங்குல ஆழம். நகராட்சி கண்டுகொள்ளவே இல்லை."

பிரென்டிஸ் துள்ளி எழுந்தான். "அம்மா, இது கிறிஸ்துமஸ் வாழ்த்து! மேல ஆட்டுக்குட்டிப் படம் போட்டிருக்கு!"

நீதிபதி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எழுத்துல இருக்கு. விபத்துக்கு முன்னாடி வந்திருக்கு. செயலாளர் கையில சேர்ந்திருக்கு. ஆட்டுக்குட்டி இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கப்பா இருக்கு?"

தீர்ப்பு என்ன தெரியுமா? தவறு முழுக்க நகராட்சியுடையது, சைக்கிள் ஓட்டியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை! அந்த வரியை ஹலீனா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் காலையில் சைக்கிளைத் தானே மேலே தூக்கி வந்து, காற்றடித்து, தலையை நிமிர்த்திக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? ஆறு பேர் வந்து பள்ளத்தையும் மூடிவிட்டார்கள். இனிமேல் எவனாவது என் மடலைப் பற்றி வாயைத் திறக்கட்டும், பார்க்கிறேன்.

பனி உங்கள் கூரையை அழுத்தாமலும், வாசற்படி உங்களை வழுக்கிவிடாமலும், எதிரே வருகிறவன் சிவப்பு விளக்குக்கு மதிப்புக் கொடுக்கவும் மாதாவை வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஸிக்மண்ட் பாவ்லக்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஒரு விபரீதம். மடலைச் சட்டம் போட்டு மாட்டலாமென்று ஹலீனா பீரோவிலிருந்து எடுத்தவள், நாலு பக்கத்தையும் படித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன்: "ஹலீனா சைக்கிள் ஓட்டும்போது சாலையைப் பார்ப்பதே இல்லை, ஊரார் வீட்டுச் சன்னல் திரைகளைத்தான் பார்க்கிறாள். அந்தப் பள்ளத்தைத் தினமும் காட்டி எச்சரிக்கிறேன். ஒருநாள் விழத்தான் போகிறாள்." பிரென்டிஸும் மீதிப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் போனானாம், மேல்முறையீடாம், லொரெட்டா போன் செய்தாள். அதையாவது சமாளித்துவிடலாம். உங்கள் தங்கை காலையிலிருந்து என் மேஜையில் உட்கார்ந்து எதையோ டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். என்ன என்று கேட்டேன். "இந்த வருஷ மடல். நான் எழுதறேன். நூத்திநாப்பது ஸ்டாம்பும் வாங்கிட்டேன்" என்றாள். ஏழாம் பக்கம் ஓடுகிறது. நகராட்சியைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட வரவில்லை.