ஐந்தாவது பொத்தானும் உன் தேடல் நிரலும்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. இங்கே உன் மாமா சுகமாகத் தூங்குகிறார். என் மகள், உன் மருமகள், சுகமா என்பதுதான் கேள்வி.

நீ அனுப்பிய மஞ்சள் சட்டையை இன்றுதான் அவளுக்குப் போட்டேன். ஐந்து ஓட்டை, நான்கு பொத்தான். அவள் வாயோ எதையோ மென்றுகொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தால், "மூச்சு நல்லா விடுறாளா? பால் குடிக்கிறாளா? அப்ப பதறாதீங்கம்மா, காலையில கூட்டிட்டு வாங்க, படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறார். காலை வரை நான் என்ன செய்வது? குழந்தை வளர்ப்பு இணையதளத்தில் தேடினேன். அந்தத் தேடல் பெட்டிக்குப் பின்னால் இருப்பது உன் நிரல்தானே? "ஜனங்க எப்படிக் கேட்டாலும் புரிஞ்சுக்கும்க்கா" என்று பீற்றிக்கொண்டாயே, அதேதான். நான் படித்தவள், விவரமாகக் கேட்டேன்: எட்டு மாதப் பெண் குழந்தை சட்டைப் பொத்தானை விழுங்கியிருக்கலாம் ஆனால் சிரிக்கிறாள் பயமாக இருக்கிறது. 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. உன்னைக் கூப்பிட்டால், "அத்தனை வார்த்தையும் ஒரே பக்கத்துல இருந்தாத்தான் காட்டும்க்கா. சுருக்கமாக் கேளு" என்றாய். அதாவது, பயத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் உன் நிரல் கதவைத் திறக்கும்! சரியென்று 'குழந்தை' என்று மட்டும் கேட்டேன். கொட்டியது பார், பெயர் வைப்பதிலிருந்து பல் முளைப்பதுவரை. மறுபடி கூப்பிட்டேன். "நடுவுல 'அல்லது' போட்டுப் பாருக்கா." போட்டேன். குழந்தை அல்லது சட்டை அல்லது பொத்தான். முதலில் வந்து நின்றது என்ன தெரியுமா? தையல் குறிப்பு! 'இவ்வகைச் சட்டையில் கீழ்ப் பொத்தான், வயிற்றில் உறுத்தாமலிருக்க, உள்மடிப்பில் இருக்கும்.' பிள்ளை வயித்துல பொத்தானோட கிடக்கிறா, உன் நிரல் எனக்குத் தையல் கிளாஸ் எடுக்குதுடா! வார்த்தையைப் பிச்சுப் பிச்சு அடுக்கத் தெரிஞ்சா போதுமா, கேக்கிறவ மனசு தெரிய வேண்டாமா? இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம், மேடையேறிப் பேச்சு வேற! இதற்கு உன் மாமாவையே தேட விட்டிருக்கலாம். அவருக்கும் கண்ணெதிரே இருப்பது கிடைக்காது, ஆனால் வாயை மூடிக்கொண்டாவது இருப்பார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

என்ன இருந்தாலும் தம்பியாகப் போய்விட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாயிரு. அந்த நிரலை மட்டும் இனி யார் தலையிலும் கட்டாதே.

இப்படிக்கு,
பிள்ளையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும்
அக்கா

பின்குறிப்பு: சட்டையையும் இதோடு உனக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று மடித்தேன். உள்மடிப்பில் ஏதோ கையில் உறுத்தியது. மாமாவை எழுப்பிக் காட்டினேன். "தம்பி நிரல் கண்டுபிடிச்சுதா? பரவால்லையே!" என்று திரும்பிப் படுத்துவிட்டார். மேலே எழுதியது எதையும் படிக்காதே. காலையில் டாக்டரிடம் போகாததற்கு என்ன சொல்வது என்று உன் நிரலில் தேடிச் சொல். சுருக்கமாகக் கேள்.